தேக்குப் பலகையில் கறுப்புக் கோடு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய எங்கள் வீட்டின் முகப்பில், சுவரில் ரீப்பர் என்னும் மரச்சட்டம் அடித்து அதன்மேல் 20 மி.மீ. தேக்குப் பலகை பொருத்தினோம். ஒரே மழைக்காலத்தில், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குக் கீழேயும் மை கொட்டியதுபோல் கறுப்புக் கோடு இறங்கிவிட்டது. மரமே மட்டமானதா? இனி எந்த ஸ்க்ரூ வாங்குவது?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: மரத்தின்மீது பழி போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூ; விலை மலிவு, சுலபமாக இறங்கும் என்பதால் ஆசாரிகள் பலர் எல்லா வேலைக்கும் அதையே எடுக்கிறார்கள். அதன் மெல்லிய பாஸ்பேட் பூச்சு மழையில் நிற்காது. பூச்சு போனபின் கசியும் இரும்பு, மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த கலம்காரித் துணியில், இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டு இழுத்த கோடு கறுப்பதும் இதனால்தான்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் சரி; பெட்டியில் ஏ4 என்றும் போட்டிருப்பார்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் சேர்க்கப்படும் மாலிப்டினம்தான் உப்பின் அரிப்பைத் தடுக்கிறது. 304 ரகம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போதும், கடலோரத்தில் நாளடைவில் பழுப்பேறும். வெறுமனே ‘எஸ்.எஸ். ஸ்க்ரூ’ என்று கேட்டால் நிக்கல் குறைந்த 202 கைக்கு வந்துவிடலாம். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று காந்தம் வைத்துப் பார்ப்பதை முழுக்க நம்பாதீர்கள்; 410 ரகம் ஒட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும், 202 ஒட்டாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

நீளம், பலகைத் தடிமனில் குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும். உங்களுக்கு 40 மி.மீ., ரீப்பர் தடிமனாக இருந்தால் 50. பலகை மழையில் அகலவாக்கில் உப்பி வெயிலில் சுருங்கும் என்பதால், அதில் போடும் துளை ஸ்க்ரூவின் தண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் போட்டால் வெடிக்காது. ஸ்க்ரூ தலை பலகையோடு சமமாக நின்றால் போதும். அதற்குமேல் மெஷினை அழுத்தினால் தலை உள்ளே புதைந்து, அந்தக் குழியில் நீர் தேங்கும்.

பழைய ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிய பிறகே கறையைத் தொடுங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் கோடு திரும்ப இறங்கும். ஆக்சாலிக் அமிலத்தை நீரில் கரைத்துப் பூசினால் கறுப்பு போய்விடும். அது நச்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து பூசி, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: முகப்புக்குப் பித்தளை ஸ்க்ரூ போடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: போடலாம், மரம் கறுக்காது. ஆனால் பித்தளை மிருது, தேக்கில் நேராக முடுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். துளையிட்டு, அதே அளவுள்ள ஸ்டீல் ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றிக் கழற்றி மரை பதிந்தபின், பித்தளையைக் கையாலேயே திருகச் சொல்லுங்கள்.