பாட்டின் துணையில்லாமல் பிழைத்த படம்

கேள்வி: இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கிற, ‘கல்ட்’ என்று சொல்லத்தக்க பழைய தமிழ்ப் படம் எது? அதை நீங்கள் விரும்பக் காரணம் என்ன?

என் விடை, 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. இப்படத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் சொல்வது, அதில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை என்பதைத்தான். அதை ஒரு துணிச்சலாகப் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டியிருந்த விலை என்ன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம்மிடையே ஒரு பழைய படம் உயிரோடு இருப்பது பெரும்பாலும் அதன் பாடல்களால்தான். இலங்கை வானொலியில் கேட்ட பாட்டு, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு, தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பார்த்த பாட்டு என்று ஏதோ ஒரு வழியில் படத்தின் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். படத்தைப் பார்த்தே இராதவர்கூட அதைத் தனக்குத் தெரிந்த படம் என்றே நினைத்துக்கொள்வார். ‘அந்த நாள்’ படத்துக்கு இந்த வாசல்களில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. திரையரங்கில் அது முதலில் வெளியானபோது பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாற்றமடைந்தார்கள் என்பதும், தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழ் பெற்ற பிறகே அதன் மதிப்பு கூடியது என்பதும் தெரிந்த வரலாறு. அப்படியிருந்தும் அது மறக்கப்படவில்லை என்றால், கதை சொன்ன விதத்தைத் தவிர வேறு எதுவும் அதைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது.

கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கிறது. படம் தொடங்கியவுடனேயே துப்பாக்கி வெடிக்கிறது; வானொலிப் பொறியாளரான ராஜன், அதாவது சிவாஜி கணேசன், சுடப்பட்டுச் செத்து விழுகிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், கதாநாயகனை முதல் காட்சியிலேயே பிணமாக்கிவிட்டுப் படத்தைத் தொடங்க ஓர் இயக்குநர் துணிந்ததும், அதற்கு அந்த நடிகர் சம்மதித்ததும் இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பாலசந்தருக்கு அப்போது 27 வயது. துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வருகிற ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையையும் உரையாடலையும் எழுதியவர். விசாரணையை நடத்துபவரும் விசாரணையை எழுதியவரும் ஒருவரே என்பதாலோ என்னவோ, அவர் கேட்கிற கேள்விகளில் தேவையற்ற ஒரு சொல்லைக்கூட நான் கண்டதில்லை.

இதைத் ‘தமிழின் ராஷோமான்’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமான்’ படத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பலர் முரண்பட்ட விதங்களில் சொல்கிறார்கள். உண்மை எது என்பது கடைசிவரை நிச்சயமாவதில்லை. இங்கே ஒவ்வொருவரும் ராஜனோடு தமக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்லி, அதிலிருந்து இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார். சந்தேகத்துக்கு ஆளானவர் வேறொருவரைக் கைகாட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவர் வாக்குமூலமும் செத்தவனைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்பவரைப் பற்றியே அதிகம் சொல்லிவிடுகிறது. சொத்தாசை, பயம், பொறாமை எல்லாம் தாமாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. முடிவில் உண்மை தெளிவாகத் தெரியவும் வருகிறது. கொன்றவர் யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வியைவிட, செத்துப்போன ராஜன் உண்மையில் யார் என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது என்று மட்டும் சொல்லலாம். ‘மன்னன்’ படத்து நோயாளித் தாயாக மட்டுமே பண்டரிபாயை அறிந்தவர்கள், ராஜனின் மனைவி உஷாவாக அவர் இதில் நடித்திருப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிவாஜியின் நடிப்பைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. பண்டரிபாய்க்கு உரிய பங்கு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தின் பாதி இருட்டிலேயே இருக்கும் காட்சிகளும் அப்படித்தான், போதிய அளவு பேசப்படவில்லை.

நான் இப்படத்தை முதலில் பார்த்தது சென்னைத் தூர்தர்ஷனில். அப்போதெல்லாம் படத்தைப் பாதியில் நிறுத்திச் செய்தி வாசிப்பார்கள். மற்றப் படங்களுக்கு அது தொல்லை. இதற்கு மட்டும் அது வரமாக அமைந்தது. செய்தி முடிவதற்குள் வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு குற்றவாளியைத் தீர்மானித்துச் சண்டையே போட்டுவிட்டார்கள். பாட்டு வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. டிக்கெட் வாங்கிய எதிர்பார்ப்பு இல்லாமல், மாற்றிப் பார்க்க வேறு அலைவரிசையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம்தான், இப்படத்துக்கு 1954-இல் கிடைக்காமல் போன சரியான கூட்டம் என்று தோன்றுகிறது.

பாட்டே இல்லாத படத்தை எடுத்தவர்தான் பின்னாளில் ‘வீணை’ பாலசந்தர் என்று அறியப்பட்டு, 1982-இல் பத்மபூஷண் பெற்ற இசைமேதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய ‘நடு இரவில்’ (1970), அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவி, ஒரு மாளிகையில் ஒருவர்பின் ஒருவராகச் சாவதைச் சொல்லும் படம். அதில் பயம் காட்டும் உத்திகள் இன்று சற்றுப் பழையனவாகத் தெரியலாம். ‘பொம்மை’ (1964) அப்படியல்ல. வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிற கதை. ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்று யேசுதாஸ் பாடிய பாட்டை அறிந்தவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே. ‘அந்த நாள்’ பார்த்து முடித்தவர்கள் அடுத்து அதைப் பாருங்கள். கதை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், நடிகர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் பாலசந்தர் திரையிலேயே அறிமுகப்படுத்துவது அதற்குப் பிறகுதான் வருகிறது.