உது பாடநூலில் இல்லை

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தேவாலயத்துக்குக் கொரியாவில் இருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் மிஷனரிப் பயிற்சிக்கு வந்திருக்கிறார். ஆறு மாதத்தில் அவருக்குத் தமிழ் வரவேண்டுமாம். அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் ஏ.எல். வரை தமிழ் படித்தவள், அவ்வளவுதான். சென்னையில் அச்சான பாடநூல் ஒன்று வைத்திருக்கிறார், நன்றாக வாசிக்கிறார். ஆனால் வந்த இரண்டாம் நாள் வாசலில் நின்ற ஆச்சி "தம்பி, உதென்ன கையில?" என்று கேட்டதும் ஓடிவந்து, "உது பாடநூலில் இல்லையே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த கிறீன் வைத்தியர் போன்றவர்கள் அந்தக் காலத்தில் எப்படித் தமிழ் படித்தார்கள்? நான் பேச்சில் தொடங்குவதா, புத்தகத்தில் தொடங்குவதா?

ச.

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் அந்த "உது". அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று நன்னூல் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது, அதனால் சென்னைப் பாடநூலில் அதைத் தேடிப் பயனில்லை. நம் முற்றத்தில் அது இன்னும் நடமாடுகிறது. என் கையில் இருப்பது இது, உங்கள் கையில் இருப்பது உது, இருவருக்கும் எட்டாமல் கூரையில் கிடப்பது அது. ஒரு மாங்காயை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். "அது கொச்சை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொன்னவன்.

எனக்கு 22 வயது, வேலை கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் இருந்து வந்த இளம் பாதிரியார் ஒருவருக்குப் பின்னேரங்களில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன். வெள்ளைக்காரனுக்குப் படிப்பிக்கிறேன் என்ற பெருமையில் வீட்டுத் தமிழைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். "தாங்கள் எப்பொழுது வருகை தருவீர்கள்" என்ற மாதிரி வசனங்கள். மனுஷன் ஒன்று விடாமல் பாடமாக்கினார். இரண்டாம் மாதம் என் அம்மா அந்த வழியாக வந்து, "எடேய், சாப்பிட வாறியோ, நான் போட்டு மூடட்டோ?" என்று கேட்டா. நான் "ஓமோம், வாறன்" என்றேன். பாதிரியார் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் அம்மாவோடு பேசியது எந்த மொழி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அவர் வேதாகமத்தையும் செபப் புத்தகத்தையும் வைத்துத் தானாகவும் படிப்பார். ஆண்டவரையே "நீர்" என்றுதானே அழைக்கிறார்கள், அப்படியானால் அதைவிட மரியாதையான சொல் ஏது என்று அவராகவே முடிவுசெய்துவிட்டார். ஒருநாள் 70 வயதைக் கடந்த அப்பு ஒருவர் வந்தபோது கதிரையைக் காட்டி "நீர் இரும்" என்றார். நம்மூரில் "நீர்" யார் யாரைச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும். மூத்தவர் இளையவரை, மாமனார் மருமகனை, புருஷன் பெண்சாதியை. (நேரில் என்றால் உங்களையும் நான் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். எழுத்தில் வரும்போதுதான் கை "நீங்கள்" என்று போகிறது.) அப்பு இருக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் நிண்டு கதைக்கிறன், நீர் இரும்" என்றார். பிழை அந்தப் பாதிரியாரில் இல்லை. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளையும் முதல் கிழமையே சொல்லித்தராத வாத்தியாரில்தான்.

இனி உங்கள் கிறீன் வைத்தியர். 1822இல் பிறந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது, கிட்டத்தட்ட உங்கள் மாணவரின் வயதுதான். அதே 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் அப்போது பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். கிறீன் வந்து மூன்று மாதம் ஆகுமுன், அந்த வருடத்தின் கடைசி நாளில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதலாவது சைவப் பிரசங்கத்தையும் செய்துவிட்டார். ஒருவர் ஆனா ஆவன்னாவில் இருக்க, ஒரே வயதுக்காரரான மற்றவர் இரண்டு சமயங்களுக்கும் வசனநடை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் ஏழெட்டு மைல் சுற்றுக்குள்.

கிறீனுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் வைத்தியர். பிரசங்கியார் மனப்பாடம் செய்ததை மேடையில் ஒப்புவித்து ஒருவாறு தப்பிவிடலாம். வைத்தியருக்கு எதிரில் இருப்பவர் சொல்வது விளங்கியே ஆகவேண்டும். நோயாளி சிரசு வலிக்கிறது என்று சொல்லமாட்டார், தலையிடி என்பார். சத்தி, தடிமன், முட்டு, உளைவு, வயித்தாலை போகுது. குத்துறது வேறு, நோகுறது வேறு, எரியிறது வேறு. இந்த ஊரில் வைத்தியம் பார்க்க வருகிறவருக்கு வாங்கில் வந்து இருக்கும் ஆச்சிமார்தான் முன்ஷி, அதாவது மொழி வாத்தியார். ஐந்து வருடத்தில், 1852இல், அமெரிக்க உடற்கூற்று நூல் ஒன்றைத் தழுவி "அங்காதிபாதம்" தமிழில் வந்துவிட்டது. ஆனால் மாணவர்களுக்கு வைத்தியத்தையே தமிழில் படிப்பிக்கத் தொடங்கியது 1864இல். வந்ததில் இருந்து கணக்குப் பார்த்தால் 17 வருடம். உங்கள் தேவாலயத்தார் ஆறு மாதம் தந்திருக்கிறார்கள்!

அவருக்கு முந்தி வந்த அமெரிக்க மிஷனரிகளின் கதை வேறு. 1816இல் தெல்லிப்பளையில் டானியல் பூவரும் வட்டுக்கோட்டையில் மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் குடியேறியபோது ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல் என்று கைக்குள் அடங்க ஒன்றும் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போல ஏடும் எழுத்தாணியும் மணலும்தான். அப்புறம் புதிதாக அமெரிக்க மிஷனரிகள் வருவதற்கு ஆங்கில அரசாங்கம் தடை போட்டது. 1820இல் அச்சுவேலைக்கு வந்த காரெற்றை இருக்கவிடாமல் அனுப்பினார்கள். 1833 வரை புதிதாக ஓர் அமெரிக்கரும் வர முடியவில்லை. தடைக்குச் சற்று முன் வந்தவர்கள் இங்கேயே ஊறிப்போனார்கள். ஸ்போல்டிங் 1820இல் வந்து 1873இல் சாகும்வரை இங்கேதான். வின்சிலோ அதே 1820இல் உடுவிலுக்கு வந்தவர், 1836இல் சென்னைக்குப் போனவர். அவருடைய அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் வந்தது. அதற்கு வேர் நல்லூரில் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்சேகரம். அதில் இருந்து 1842இல் மானிப்பாயில் தமிழ்-தமிழ் அகராதி ஒன்றும் அச்சானது. அதற்கு உழைத்த சந்திரசேகர பண்டிதரின் பெயராவது மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் இருந்து நாக்கைத் திருத்திய மற்ற முன்ஷிகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் நீங்கள் "அவ்வளவுதான்" என்று எழுதியது எனக்குக் கொஞ்சம் குத்தியது.

உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொரிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து. ஆகவே ல, ள, ழ, ர, ற என்ற ஐந்தையும் ஒன்றாக நீட்டி அவரைப் பயமுறுத்த வேண்டாம். பத்து, பட்டு, பற்று என்ற மூன்றில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் பல இடங்களில் "பற்று" பத்தாகிவிடும். நம் வாயில் மூன்றும் மூன்றாகவே நிற்கின்றன. அந்த ற்ற ஒலி ஆங்கில t ஒலிக்கு அவ்வளவு கிட்ட இருப்பதால்தான் market என்பதை நாம் "மாக்கற்" என்று எழுதுகிறோம், சென்னைக்காரர் சிரிக்கிறார். அமெரிக்கருக்கு அது இலகுவாக வந்திருக்கும், தகரமும் டகரமும்தான் நாக்கைச் சுளுக்கியிருக்கும். உங்கள் தம்பிக்கு எது சுளுக்கும் என்பதை நீங்கள்தான் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும்.

எனவே பேச்சில் தொடங்குங்கள். இந்தச் சனிக்கிழமை நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாடநூல் வீட்டில் இருக்கட்டும். கத்தரிக்காய், ஒரு பிடி முருங்கையிலை, ஒரு பை புழுக்கொடியல், இந்த மூன்றையும் அவர் வாங்கவேண்டும். நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள், வாய் திறக்காதீர்கள். காசு கூடப் போனால் போகட்டும். அவர் "இது என்ன விலை?" என்று கேட்க, மரக்கறிக்காரி "உதோ?" என்று திருப்பிக் கேட்பா. அப்போது அவருடைய முகத்தைப் பாருங்கள்.

நன்னூல் பிறகு தேவைப்படும். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றில் முதல் பத்துப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. மற்றதைத் தருகிறேன். மழை விட்டதும் இருவருமாக வாருங்கோ.