கன்விக்‌ஷன்: தீர்ப்பா, நம்பிக்கையா?

‘கன்விக்‌ஷன்’ (conviction) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீதிமன்றச் செய்திகளில் குற்றத்தீர்ப்பு என்று பொருள், மற்ற இடங்களில் உறுதியான நம்பிக்கை. ஒரே சொல்லுக்கு ஏன் இரு பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாதத்தில் முற்றாக வெல்வது என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. சான்றுகள் நீதிபதியை வென்றால் குற்றத்தீர்ப்பு. ஒரு கருத்து நம் மனத்தை வென்றால் உறுதி.

தமிழில் இரண்டுக்கும் தனிச் சொற்கள் இருப்பதே நல்லது. கைதானவரைக் குற்றவாளி என்று எங்கள் தருமபுரி டீக்கடைகளில் அன்றைக்கே முடிவுகட்டிவிடுகிறோம். அது வெறும் நம்பிக்கை. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே சட்டத்தின் முன் ஒருவர் குற்றவாளி. எவ்வளவு தண்டனை என்பது அதற்கும் அடுத்த கட்டம்.

இரு பொருளும் சேர்ந்து நின்ற இடம் இதே மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களை அடித்து நொறுக்கினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2011 தீர்ப்புக்குக் காத்திருந்த 19 ஆண்டுகளும் அந்த ஊர்ப் பெண்களிடம் இருந்தது, நீங்கள் கேட்ட இரண்டாவது பொருள்.