பாஸ் ஓவரைப் பார்த்து எழுதுவதும் ஒரு படிப்பா?

அக்கா, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "நாலு வருஷம் தாதியா இருந்தவ, இப்போ தாதிகள் எப்படிப் பேசிக்கிறாங்கன்னு ஆராயப் போறாளாம், இதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கிறார்கள். ஆனால் அவள் இப்போதே வேலையை விட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

பாஸ் ஓவர் என்றால் ஒரு ஷிப்டு தாதி அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது. காலை ஏழு மணிக்கு ஒரு வார்டில் நின்று பாருங்கள். இரவெல்லாம் விழித்திருந்த தாதி, பாக்கெட்டில் மடித்து வைத்த தாளை எடுத்து, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாகக் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போவார். ஆறாம் கட்டிலில் டெலிபோன் அடிக்கும், ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர் ஃபைல் கேட்பார், திரும்பி வந்து ஏழாம் கட்டிலிலிருந்து தொடங்குவார். ஆறாம் கட்டில்காரருக்கு ராத்திரி சிறுநீர் பிரியவில்லை என்ற குறிப்பு அந்தத் தாளோடு வீட்டுக்குப் போய்விடும். என் அப்பாவுக்கும் நடந்தது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இரவில் வாந்தி எடுத்தார், காலை ஷிப்டுக்கு அது தெரியாது, அதே மாத்திரை மறுபடி வந்தது. யார்மேல் கோபப்படுவது? எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில், பயிற்சி டாக்டர்கள் ஒப்படைக்கும் முறையை, எதை எந்த வரிசையில் சொல்வது என்ற ஐ-பாஸ் படிவத்தால் ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. சரி, அது டாக்டர்கள் கதை. மூன்று மொழி புழங்கும் நம் வார்டில் அந்தப் படிவம் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிக்க உங்கள் மகளைப் போன்றவர்கள்தான் வேண்டும். எது சொல்லப்படாமல் விடுபட்டது என்பது வெளியாளுக்குக் காதில் விழாது.

அதனால்தான் வேலையை விடாமல் பகுதி நேர முதுகலை என்கிறேன். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றதும் பினாங்கு கெலுகோர்தானே என்று இருந்துவிடாதீர்கள், அதன் மருத்துவப் பள்ளியும் சுகாதார அறிவியல் பள்ளியும் கிளந்தானில், குபாங் கெரியானில் இருக்கின்றன. கெலுகோரில் சமூக அறிவியல் பள்ளி உண்டு, அந்த வழியாகவும் இதே ஆய்வைச் செய்யலாம். மேற்பார்வையாளர் எந்த வளாகம் என்று கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். அரசு மருத்துவமனையில் ஆய்வு செய்ய என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் நெறிமுறைக் குழு அனுமதியும் தேவை, அதற்கே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அப்புறம், சொந்த வார்டு வேண்டவே வேண்டாம்: நேற்று வரை சேர்ந்து சாப்பிட்டவர்கள் வேவு பார்க்க வந்தவளைப் போல் பார்ப்பார்கள்.

வேலை என்று பார்த்தால் மருத்துவமனைகளின் தரப் பிரிவு, தாதியர் கல்லூரி, செத்தியா ஆலாமில் இருக்கும் சுகாதார முறைமை ஆய்வுக் கழகம். கல்லூரி விரிவுரைதான் கொஞ்சம் உறுதியான வழி, மற்ற இரண்டிலும் இடம் குறைவு.

இப்போதைக்கு அவளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு பாஸ் ஓவரும் எங்கே, எதனால் அறுந்தது என்று மட்டும் வீட்டுக்கு வந்து எழுதட்டும், நோயாளி பெயரோ விவரமோ இல்லாமல். அந்த நோட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள், எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.