சிங்கப்பூரில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்ப வேண்டும். 2016இல் ஜிஎஸ்டிக்கு அப்படித்தான் நடந்தது. இங்கே மாநிலமே கிடையாது, யாரிடம் போய்க் கேட்பது? நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் மசோதா தேறிவிடும்.

அந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு அல்ல, மொத்த உறுப்பினர்களில். அதனால் வராதவரும் எதிர்த்தவர் மாதிரிதான். நியமன உறுப்பினர்கள் விவாதத்தில் பேசலாம், ஆனால் வாக்கு கிடையாது. மசோதா அவையில் தாண்ட வேண்டிய கட்டங்களான இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் இந்த எண்ணிக்கை வேண்டும். அப்புறம் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பரிசீலிக்கும், அதிபர் ஒப்புதல் தருவார், சட்டமாகிவிடும். 1965 முதல் 1979 வரை இந்த வரம்பும் இல்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது.

இந்த நிபந்தனையைத் தாண்டுவது கஷ்டமா? என்னைக் கேட்டால், ஒரே கட்சி இவ்வளவு இடங்களை வைத்திருக்கும்வரை கஷ்டமே இல்லை. 2016இல் அதிபர் தேர்தல் முறையை மாற்றியதைப் பாருங்கள். ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் தொடர்ந்து ஐந்து தவணை அதிபராக இல்லாவிட்டால், அடுத்த தேர்தல் அச்சமூகத்துக்கு ஒதுக்கப்படும் என்பது அதில் ஒன்று. மசோதா அக்டோபரில் அவைக்கு வந்தது, நவம்பர் 9இல் நிறைவேறியது. அப்போது 89 தொகுதி உறுப்பினர்களில் 83 பேர் ஆளும் மக்கள் செயல் கட்சி. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி எதிர்த்தும் பலனில்லை. உண்மையில் பொதுமக்கள் ஏதாவது சொல்ல முடிந்தது அதற்கு முன்னால்தான்: தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஆணையம் கருத்துக் கேட்டபோது. தேக்கா காப்பிக்கடையில் இதைப் பற்றிச் சூடாகப் பேசியவர்களில் எத்தனை பேர் எழுதி அனுப்பினார்களோ!

சரி, மக்கள் வாக்கெடுப்பு எப்போது கட்டாயம்? நாட்டின் இறையாண்மையையோ, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாட்டையோ விட்டுக்கொடுப்பதைத் தடுக்கும் பகுதியில் கை வைத்தால். அப்போது பதிவான வாக்குகளிலும் மூன்றில் இரண்டு வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி ஒன்று நடந்ததே இல்லை. இங்கே நாடு முழுக்க நடந்த ஒரே பொது வாக்கெடுப்பு 1962இல், மலாயாவுடன் இணைவது பற்றி. அதிலும் மூன்று வகை இணைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களே தவிர, இணைப்பே வேண்டாம் என்று குறிக்க வாக்குச்சீட்டில் இடம் இல்லை.