பிரதான பாவி நான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை வாலிபர் குழுவில் கைப்பிரதி ஊழியம் செய்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவரிடம் கைப்பிரதியைக் கொடுத்து, “நீங்கள் பாவி என்பதை உணர்ந்தால்தான் இரட்சிப்பு” என்றேன். “என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. பாவத்தைச் சொல்லாமல் சுவிசேஷம் சொல்ல முடியுமா? சீர்திருத்த இறையியலாளர் கால்வின் சொன்னதுபோல மனிதன் முழுக்கக் கெட்டுப்போனவன் என்றால், நாம் சொல்லித்தான் என்ன ஆகும்?

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

கால்வினை விடுங்கள். உங்கள் நண்பர் கேட்டது அதையல்ல. “என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?” என்றார். என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

நாற்பது வருடத்துக்கு முன் என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பெண்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், பிள்ளை இறந்தே பிறந்து இரண்டு நாள். ஜெபிக்க வந்த ஒருவர் அவளிடம், “என்ன பாவம் செய்தாய் என்று யோசித்துப் பார், அறிக்கையிடு” என்றார். அவள் அழவில்லை. போர்வை ஓரத்து நூலை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் நுனி நீலமாகும் வரைக்கும். அவர் போனதும் அம்மா தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, “பாவி நானும் ரெண்டைப் பறிகொடுத்தவதான். இங்க வா தாயி” என்றாள். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். நூலைப் பிரித்து விட்டது அம்மாதான்.

அன்றிலிருந்து எனக்குள் இருக்கிற எண்ணம் இது. பாவி என்ற சொல் தன்மையில்தான் செல்லும். முன்னிலையில் வந்தால் அது வசை. ஒப்பாரி வைக்கும் பெண்கள் “பாவி நான்” என்றுதான் பாடுகிறார்கள். யாரையாவது பார்த்து “அடப்பாவி” என்றால் சண்டை வரும். வேதத்திலும் அப்படித்தான். இயேசு சொன்ன கதையில், ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்றான். அதே ஆலயத்தில் நின்ற பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன், மற்றவர்களின் பாவத்தைப் பட்டியல் போட்டான். பவுல், பாவிகளை இரட்சிக்கக் கிறிஸ்து வந்தார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய கையோடு “அவர்களில் பிரதான பாவி நான்” என்று சேர்த்துக்கொள்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி “யார் செய்த பாவம்?” என்று கேட்டவர்கள் சீடர்கள். இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். நீங்களோ அதைக் கைப்பிரதியாக அச்சடித்து நீட்டியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் பாவம் செய்தோம் என்ற உபதேசம் எனக்கு உயிர். சொல்கிறவனையும் கேட்கிறவனையும் ஒரே தரையில் உட்கார வைக்கிற உபதேசம் அது. அதை ஊர் முழுக்கப் பிரசங்கித்த நம் சபைகளில்தான் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருந்தது, சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. எல்லாரும் பாவிகள் என்பதை உண்மையில் நம்பியிருந்தால் அந்தச் சுவர் எழும்பியிருக்குமா? எழுப்பியவர்கள் பாவத்தை எப்போதும் எதிரில் இருப்பவனிடம்தான் தேடினார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த போதகர் டி. டி. நைல்ஸ், சுவிசேஷம் சொல்வது என்றால் ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனிடம் சோறு எங்கே கிடைக்கும் என்று சொல்வது என்றார். சோற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் தனக்கும் பசிக்கிறது என்பதை மறைக்காதவன் அவன். தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் இங்குள்ளவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டவர்தான். கேட்டதையெல்லாம் எழுதி, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய கையெழுத்துப் பிரதியை 1713-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அக்கியானத்தை, அதாவது பிற தெய்வ வழிபாட்டை, ஒழிக்கத்தான் உம்மை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். 1867-இல்தான் சென்னையில் அச்சானது.

சரி, உங்கள் நண்பர். ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிடுங்கள். பையில் கைப்பிரதி வேண்டாம். “அன்றைக்கு நான் பேசியது தப்பு” என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.