இரண்டு இடத்தில் யூசர்கள், ஒரே லாகின்

கேள்வி: ஊழியர் விவரம் ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்ட்டின் யூசர் விவரச் சேவை), ஒப்பந்தப் பணியாளர் விவரம் டேட்டாபேஸில். யாருக்கு எதில் அனுமதி என்று பார்க்கும் அக்சஸ் மேனேஜ்மென்ட் மென்பொருளோ ஒரே டைரக்டரியைத்தான் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு நகலெடுக்கணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விர்ச்சுவல் டைரக்டரி என்ற மென்பொருளை நடுவில் வைத்தால், கேட்கும் நேரத்தில் இரண்டு இடத்திலும் தேடி, எல்டாப் (டைரக்டரியில் தேடுவதற்கான பொது நெறிமுறை) வழியே கேட்கக்கூடிய ஒரே டைரக்டரி போலக் காட்டிவிடும். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒரே யூசர் ஐடி இரண்டு பக்கமும் இருந்தால் தேடலில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள், லாகின் தோற்கும், அதைவிட மோசமாக ஒருவருடைய அனுமதி இன்னொருவருக்குப் போய்விடலாம். இதைச் சரிசெய்யாமல் மேலே போகவே போகாதீர்கள். ஊழியர்களின் பாஸ்வேர்டை ஆக்டிவ் டைரக்டரியே சரிபார்க்கும்படி பைண்ட் கோரிக்கையை (எல்டாப்பில் லாகின் சரிபார்ப்பு கேட்பது) அப்படியே அங்கே அனுப்புங்கள், அப்போதுதான் அதன் லாக்அவுட் விதிகள் (தவறான பாஸ்வேர்டைப் பலமுறை போட்டால் கணக்கைப் பூட்டுவது) வேலை செய்யும். அப்புறம், 389 போர்ட்டில் குறியாக்கம் இல்லாமல் விடாமல் 636 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தோடு இணையுங்கள். கேஷ் நேரத்தையும் (எடுத்த விவரத்தைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் நேரம்) குறைவாகவே வையுங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போனவர் கொஞ்ச நேரம் உள்ளேயே இருப்பார்.